இழுத்து மாட்டிய குறுக்குவில்லை எப்படி இறக்குவது? வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்

14 ஒக்ரோபர் 2023, இரவு 9.40 (கேள்வி)

அண்ணாமார், அவசரம். இன்றைக்குத்தான் குறுக்குவில், அதுதான் குரொஸ்போ, வாங்கினேன். 185 இறாத்தல் இழுவை, நாணை இழுக்க அவ்வளவு பலம் வேண்டும். பேஸ்மன்றில் வைத்துக் கயிறு போட்டு நாணை இழுத்துப் பார்த்தேன், டக் என்று மாட்டிக்கொண்டது. இனி அதை எப்படித் திரும்ப இறக்குவது? அம்பு ஒன்றும் வைக்கவில்லை. விசையை அமத்தினால் நாண் தன்பாட்டில் முன்னுக்குப் போய்விடும்தானே? மேலே இரண்டு பிள்ளைகள், ஒன்பது வயதும் நான்கு வயதும்.

14 ஒக்ரோபர், இரவு 9.46 (பதில்)

அமத்த வேண்டாம். விசையிலிருந்து விரலை எடுங்கள். அம்பில்லாமல் நாணை விட்டால் வில்லின் கை, அதாவது வளைந்து நிற்கும் பக்கத் தண்டு, வெடிக்கும், வெடித்த துண்டு உங்கள் முகத்துக்கு வரும். வில்லை ஒரு மூலையில் படுக்க வைத்து, அறைக் கதவைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே வாருங்கள். மிச்சத்தை எழுதுகிறேன்.

14 ஒக்ரோபர், இரவு 10.08

பூட்டிவிட்டீர்கள் என்றால் இனி ஆறுதலாக வாசிக்கலாம்.

சாதாரண வில்லை நீங்கள் கையால் இழுத்தால் கையாலேயே மெல்ல விட்டுவிடலாம். குறுக்குவில் அப்படியில்லை. நாண் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கிறது. கொக்கியைத் திறக்க விசையை அமத்த வேண்டும். அந்த நேரம் 84 கிலோ இழுவை முழுவதும் உங்கள் கையில் வந்து விழும். கயிற்றைத் திரும்பவும் போட்டுப் பிடித்தால் பாரம் பாதிதானே என்று நினைப்பீர்கள். பாதி என்றாலும் 42 கிலோ. ஒரு கையால் அதைப் பிடித்து மறுகையால் விசையை அமத்தப் பார்த்தவர்கள் விரலைக் கொடுத்திருக்கிறார்கள். கைபிடியைச் சுழற்றி நாண் இழுக்கும் சில மாதிரிகளில் இறக்கவும் வழி உண்டு. உங்கள் கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் மட்டும் செய்யுங்கள். எழுதவில்லை என்றால் அந்த வழி உங்களுடையதற்கு இல்லை.

ஆகவே ஒரே வழி, அம்பு வைத்து எய்து இறக்குவது. இன்றிரவு வேண்டாம். இருட்டு, உங்களுக்கும் பதற்றம். இரவு முழுக்க இழுத்தபடி கிடப்பது வில்லுக்கு நல்லதல்ல, ஆனால் ஒரு இரவில் உடைந்துவிடாது. நாளைக் காலையில் குறுக்குவில்லுக்கென்றே செய்த ஃபோம் இலக்கு ஒன்று வாங்குங்கள். சாதாரண வில்லுக்கானது காணாது. கிடைக்கவில்லை என்றால் வளவில் கல்லில்லாத இளகிய மண்ணைப் பார்த்து, மூன்று நான்கு மீற்றர் முன்னால் நிலத்துக்குள் எய்துவிடுங்கள். பெட்டியில் வந்த மொட்டைமுனை அம்பு காணும். வேட்டைக்கான வெட்டுமுனையைத் தொடவேண்டாம்.

14 ஒக்ரோபர், இரவு 10.11

முக்கியமானதை விட்டுவிட்டேன். எய்யும்போது முன்கையின் பெருவிரல் ரெயிலுக்குக் கீழே இருக்கவேண்டும். ரெயில் என்றால் அம்பு படுத்திருக்கும் நீளப் பள்ளம். அதன் விளிம்புக்கு மேலே விரலின் ஒரு சதை கூட எட்டிப்பார்க்கக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

15 ஒக்ரோபர் 2023

கேள்வி கேட்ட தம்பி காலையில் இலக்கு வாங்கிவந்து, கராஜ் கதவை மூடி, பிள்ளைகளை மனைவியோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு எய்து இறக்கிவிட்டாராம். முதலில் விசை அசையவில்லையாம். அம்பு நாணில் போய்ப் படாமல் ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றிருக்கிறது. இப்போதைய வில்கள் பலவற்றில், அம்பு கடைசி வரைக்கும் வந்து அமரவில்லை என்றால் விட மறுக்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. அது வேலை செய்திருக்கிறது. நல்ல காலம்.

நேற்று நான் எழுதியதில் ஒரு பிழை. "வளவில் மண்ணுக்குள் எய்யுங்கள்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். குடியிருப்புப் பகுதியில் வில் எய்யலாமா கூடாதா என்பது ஒவ்வொரு நகரசபைக்கும் ஒவ்வொரு விதி. சில இடங்களில் சொந்த வளவிலும் கூடாது. கேட்டு அறிந்துகொண்டு எய்யுங்கள். ரொறன்ரோ என்றால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

இன்னொன்று, கராஜுக்குள் எய்பவர்கள் பக்கவாட்டில் பாருங்கள். நாண் போகும்போது வில்லின் இரண்டு கைகளும் வெளிப்பக்கம் விரியும். சைக்கிள் கைபிடி, அலுமாரி விளிம்பு, தொங்கும் ஜக்கெற் என்று எதுவும் அந்த வீச்சுக்குள் இருக்கக் கூடாது. நான் இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்து, அதற்கு மேலும் ஒரு முழம் விடுவேன்.

16 ஒக்ரோபர் 2023

"அம்பில்லாமல் விட்டால் வில் ஏன் உடையவேண்டும், காற்றுக்குள் விடுவதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

இழுத்த நாணில் இருக்கிற சக்தி எங்கேயாவது போயே ஆகவேண்டும். அம்பு இருந்தால் அது பெரும்பங்கை வாங்கிக்கொண்டு போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 400 கிரெயின், அதாவது ஏறத்தாழ 26 கிராம் அம்பு, வினாடிக்கு 350 அடி வேகத்தில் போனால் சுமார் 147 யூல். 15 கிலோ அரிசி மூட்டையை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து போட்டால் என்ன அடியோ அதே அடி, பென்சில் முனை அளவு இடத்தில். அம்பு இல்லாதபோது அந்த அடி வாங்க ஆளில்லை. நாண், கை நுனியிலுள்ள சக்கரம், சக்கரங்களை இணைக்கும் கம்பி, வில்லின் கை எல்லாம் சேர்ந்து அதை வாங்கவேண்டும். கை பிளக்கிறது, சக்கரம் வளைகிறது, நாண் அறுந்து பறக்கிறது.

பாரம் குறைந்த அம்பும் இந்தச் சங்கதியில் சேர்ந்தது. அது கொஞ்சத்தைத்தான் எடுத்துப் போகும், மிச்சம் வில்லுக்கு. கையேட்டில் ஆகக் குறைந்த அம்புப் பாரம் எத்தனை கிரெயின் என்று போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே போகவேண்டாம். சும்மா கிடக்கிறதே என்று அண்ணன் மகனின் விளையாட்டு வில் அம்பை வெட்டி வைத்துப் பார்த்த ஒருவரின் வில்லைக் கண்டிருக்கிறேன். இடதுகைப் பக்கம் விறகு பிளந்ததுபோல நின்றது.

குதையும் அப்படித்தான். அம்பின் பின்முனையில் நாண் வந்து பொருந்தும் இடத்துக்கு அந்தப் பழைய சொல் இருக்கிறது, அதையே பாவிக்கிறேன். தட்டைக் குதை, பிறைக் குதை, நாணைக் கவ்வும் குதை என்று வேறுவேறு. உங்கள் வில்லுக்கு எது என்று சொல்லியிருக்கிறார்களோ அது மட்டும். மாறி வைத்தால் நாண் அம்புக்கு மேலாலோ கீழாலோ வழுக்கிப் போகும். அம்பு வைத்திருந்தும் வெறும் வில்லை விட்ட கதைதான். கவ்வும் குதை என்றால் நாணில் உட்காரும் கிளிக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் எடுத்துத் திரும்ப வையுங்கள். மூன்று இறகில் நிறம் மாறிய ஒன்று இருக்கும், அது பள்ளத்துக்குள் கீழ்நோக்கிப் போகவேண்டும்.

18 ஒக்ரோபர் 2023

நாண் இழுப்பதைப் பற்றி.

வெறுங்கையால் இழுப்பதைப் பெருமையாக நினைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். விட்டுவிடுங்கள். கையால் இழுத்தால் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய வரும். நாண் நடுவிலிருந்து ஒரு நெல்மணி அகலம் விலகினாலும் அம்பு பக்கத்துக்குப் போகும். இருபது மீற்றரில் இலக்கைத் தாண்டிச் சுவரில் பட இவ்வளவு காணும். கயிறும் கொக்கியும் போட்டால் பாரம் பாதியாகும், இரண்டு பக்கமும் சமமாக வரும். நான் நாண் நடுவில் ரெயிலின் இரண்டு ஓரத்தையும் ஒட்டி ஒரு கறுப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இழுத்தபின் இரண்டு கோடும் ஓரத்தில் ஒரேயளவு தெரிகிறதா என்று பார்ப்பேன்.

முன்னால் இருக்கும் மிதிவளையத்துக்குள் கால் நன்றாக உள்ளே போகவேண்டும், விரல் நுனியால் மிதிக்கக் கூடாது. பாதி இழுவையில் கால் வழுக்கினால் வில்லின் பின்கட்டை நேரே நாடிக்கு வரும். பேஸ்மன்றில் காலுறையோடு மட்டும் நின்று இழுத்தேன் என்று தம்பி பிறகு சொன்னார். சப்பாத்துப் போடுங்கள், அடி இறுக்கமாகப் பிடிக்கும் சப்பாத்து. மெழுகிய தரையில் நின்று இழுக்காதீர்கள்.

இழுக்கத் தொடங்கினால் கிளிக் வரும்வரை நிறுத்தாமல் இழுங்கள். நடுவில் இளைத்துப்போய்விட்டால் கயிற்றை விடாமல் மெல்ல முன்னால் கொண்டுபோய் இறக்கலாம். கொக்கியில் மாட்டும் வரைக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது, மாட்டிய பிறகு இல்லை.

சுழற்றும் கைபிடி உள்ள வில் வைத்திருப்பவர்கள்: இறக்கும்போது அந்தக் கைபிடியை விட்டுவிட்டால் விசிறி மாதிரிச் சுழலும். மணிக்கட்டு உடையும்.

18 ஒக்ரோபர், இரவு

இழுக்கும்போது அம்பு வில்லில் இருக்கக் கூடாது. முதலில் நாண், பிறகு விசையை அமத்தவிடாத பாதுகாப்புப் பொத்தான் போட்டிருக்கிறதா என்ற பார்வை, பிறகு அம்பு. சொல்லவேண்டுமா என்று நினைத்தேன். ஒருவர் கேட்டிருந்தார், சொல்லிவிட்டேன்.

22 ஒக்ரோபர் 2023

முதல்நாள் இரவு பெருவிரலைப் பற்றி ஒரு பந்தி எழுதிவிட்டுப் போனேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

2017 இலையுதிர்காலம். மான் பருவத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் கராஜில், எட்டு மீற்றர் தூரத்தில் இலக்கு வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முப்பதாவது அம்போ என்னவோ, கை சோர்ந்துபோயிருந்தது. பழைய மாதிரி வில், முன்பிடியில் விரலைத் தடுக்கும் விளிம்பு கிடையாது. கை சோரும்போது பிடி தன்பாட்டில் மேலே ஏறும், பெருவிரல் ரெயிலில் சாய இடம் தேடும். அதை நான் உணரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து மகள் கூப்பிட்டாள், "அப்பா, சாப்பாடு ஆறுது." அவளுக்கு அப்போது ஒன்பது வயது. "ஓம், வாறன்" என்று சொல்லிக்கொண்டே விசையை அமத்தினேன்.

நோவு தெரியவில்லை. சத்தம் மட்டும் வேறுமாதிரி இருந்தது. அம்பு இலக்குக்குப் போகாமல் நிலத்தில் உரசிக்கொண்டு போனது. குனிந்து பார்த்தபோதுதான் இடது பெருவிரலின் நுனி இருந்த இடத்தில் நுனி இல்லை என்று தெரிந்தது. நகத்தின் பாதியோடு போயிருந்தது. கதவைத் திறந்துகொண்டு மகள் வந்து நின்றாள். அவள் அழவில்லை. குசினித் துவாயை எடுத்துவந்து என் கையைச் சுற்றிப் பிடித்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை.

வைத்தியசாலையில் எலும்பு நுனியைச் சீராக்கித் தைத்தார்கள். ஆறு கிழமை கட்டு. இப்போது அந்த விரலால் சட்டைப் பொத்தான் பூட்டுவது கஷ்டம், குளிர்காலத்தில் நுனி மரத்துப்போகும். வேட்டைக்கு அந்த வருசம் போகவில்லை, அடுத்த வருசமும் போகவில்லை.

நாண் ரெயிலை உரசிக்கொண்டுதான் முன்னால் போகிறது. அதன் பாதையில் இருக்கிற எதையும் அது கம்பி வெண்ணெயை வெட்டுவதுபோல வெட்டும். இந்த ஆயுதத்தால் விரல் போனவர்களைக் கைச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு நன்றாகத் தெரியும், பெரும்பாலும் இதே விரல், இதே கை. புதிதாக வாங்குபவர்கள் முன்பிடியில் இறக்கை மாதிரி அகன்ற தடுப்பு இருக்கிற வில்லைப் பாருங்கள். பழையது வைத்திருந்தால் அந்தத் தடுப்பைப் போடமுடியுமா என்று கேளுங்கள்.

கை சோர்ந்தால் நிறுத்துங்கள். நான் இப்போது பத்து அம்புக்கு மேல் ஒரே மூச்சில் எய்வதில்லை.

23 ஒக்ரோபர் 2023

"பாதுகாப்புப் பொத்தான் தானாகப் போடும் வில் என்னுடையது, பிறகு ஏன் பயம்" என்கிறார் ஒருவர். நாண் மாட்டியதும் பொத்தான் தானாக விழும் வில்கள்தான் இப்போது நிறைய. நல்லதுதான். அது விசையை மட்டும் தடுக்கும். நாணைப் பிடித்திருக்கும் கொக்கி தேய்ந்திருந்தால், அல்லது வில் கீழே விழுந்து அடிபட்டால், பொத்தான் என்ன செய்யும்? விசையைத் தொடாமலே எய்துவிடக்கூடியவை என்று அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சில மாதிரிகளைத் திரும்பப் பெற அறிவித்திருக்கிறது. பழைய வில் வாங்குகிறவர்கள் தொடரிலக்கத்தை வைத்துத் தேடிப்பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

என் விரல் போன அன்று பொத்தான் சரியாகத்தான் வேலை செய்தது. நான்தான் அதை எடுத்துவிட்டேன்.

29 ஒக்ரோபர் 2023

வீட்டில் எங்கே வைப்பது. தம்பி முதல்நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி, இப்போது கேட்கிறார்.

கனடாவில் இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு கையால் பிடித்து எய்யக்கூடியதோ, மொத்த நீளம் 500 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்ததோ என்றால் குற்றவியல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. மற்றக் குறுக்குவில் வாங்கத் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் வேட்டைச் சட்டமோ வில்லையும் குறுக்குவில்லையும் துப்பாக்கியோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. வேட்டைக்கு அட்டையும் படிப்பும் வேண்டும், மானுக்குக் குறைந்தது 45 கிலோ இழுவை வேண்டும், நாண் இழுத்து அம்பும் வைத்திருந்தால் அது 'நிரப்பிய' ஆயுதம். ஆனால் வீட்டில் எப்படிப் பூட்டிவைப்பது என்று துப்பாக்கிக்காரருக்குச் சொல்கிற மத்திய அரசின் விதிகள் இதைத் தொடுவதில்லை. ஆகவே கடையிலிருந்து அட்டைப்பெட்டியோடு வந்து அப்படியே படிக்கட்டின் கீழ் கிடக்கும். எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன்.

நான் துப்பாக்கி விதியையே எனக்கு வைத்துக்கொண்டேன். வில் பூட்டிய பெட்டியில், நாண் இறக்கியபடி. அம்புகள் வேறு அறையில், வேறு பூட்டு. வெட்டுமுனைகள் அம்பில் பூட்டாமல் அவற்றுக்கான சிறு பெட்டியில். இழுக்கும் கயிறு மூன்றாவது இடத்தில். இந்தக் கயிற்று விசயத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, நானாக யோசித்தது. ஒன்பது வயதுப் பிள்ளை வெறுங்கையால் 185 இறாத்தலை இழுக்காது. கயிறு கிடைத்தால், இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால், இழுக்கும்.

கணப்புக்குப் பக்கத்திலோ கோடையில் காருக்குள்ளோ வைக்கவேண்டாம். சூடு வில்லின் கைகளையும் நாணையும் கெடுக்கும். நாணைப் பிடித்துத் தூக்கி ஆணியில் மாட்டவேண்டாம்.

பிள்ளைகளுக்குக் காட்டாமல் ஒளிப்பதா, காட்டிச் சொல்லிக்கொடுப்பதா? நான் காட்டினேன். ஒரு தர்ப்பூசணியை இலக்குக்கு முன்னால் வைத்து எய்து காட்டினேன். மகன் அதற்குப் பிறகு அந்தப் பெட்டியின் பக்கம் போனதில்லை. மனைவி இதைச் சரியென்று இன்றைக்கும் சொல்வதில்லை, சின்னவன் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை என்கிறாள். நான்கு வயதுப் பிள்ளைக்கு நான் இதைச் செய்திருக்கமாட்டேன். அவனுக்கு அப்போது எட்டு.

29 ஒக்ரோபர், பின்னேரம்

2016 ஆகஸ்டில் ஸ்காபரோவில் மூன்று பேர் கொல்லப்பட்டபோது குறுக்குவில் என்ற சொல் செய்தியெல்லாம் அடிபட்டது. அதிலிருந்து அயலவர்கள் இந்தப் பெட்டியைக் கண்டாலே பயப்படுவார்கள். அந்தப் பயத்தைக் கோபிக்காதீர்கள். வில்லை வாசலில் வைத்துத் துடைக்காதீர்கள். காரிலிருந்து இறக்கும்போது பெட்டிக்குள் இருக்கட்டும்.

2 நவம்பர் 2023

தமிழில் இதற்குச் சரியான பெயர் குறுக்குவில்தானா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். கட்டைக்குக் குறுக்கே வில் கிடக்கிறது, பெயர் பொருந்துகிறது. பழைய இலக்கியத்தில் கோட்டை மதில்மேல் 'வளைவிற் பொறி' என்று ஒன்று வரும். தானே வளைந்து எய்யும் எந்திரவில் என்று உரைகாரர் சொல்வார். இதுவும் அதுவும் ஒன்றென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'பொறி' என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. எலிப்பொறி மாதிரி, வைத்துவிட்டு மறந்தால் மிதிக்கிறவனைப் பிடிக்கும்.

சீனத்தில் சின் பேரரசனின் சுடுமண் படையோடு வெண்கல விசைகள் கிடைத்திருக்கின்றன, இரண்டாயிரத்து இருநூறு வருசப் பழசு. ஐரோப்பாவில் 1139இல் திருச்சபையின் லாத்தரன் சங்கம் கிறித்தவர்மேல் இதை எய்யக் கூடாது என்று தடுத்தது. தடுத்தும் நிற்கவில்லை. 1199இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்ட் பிரான்சில் ஒரு கோட்டை முற்றுகையில் தோளில் இந்த அம்பு பட்டு, புண் அழுகிச் செத்தான். அம்பு பட்டபோது அவன் முழுக் கவசம் போட்டிருக்கவில்லை. சரி, விசயத்துக்கு வருகிறேன்.

19 நவம்பர் 2023

இலக்கு விலை கூட என்பவர்களுக்கு: 40 இறாத்தல் அரிசிச் சாக்குகள் எல்லோர் வீட்டிலும் இருக்கும். இரண்டு சாக்கை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, பழைய துணியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி அடைத்தேன். பொத்தான், ஸிப், பெல்ற் வளையம் எல்லாம் வெட்டி எடுத்தபிறகு. உலோகத்தில் பட்டால் அம்பு திரும்பும். பதினைந்து மீற்றரில் மொட்டைமுனை அம்பு இறகு வரைக்கும் போய் நின்றது. மனைவியின் பழைய சேலை நான்கு போயிருக்கிறது, கேட்டுத்தான் எடுத்தேன்.

26 நவம்பர் 2023

சாக்கு யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு கிழமையில் துணி கீழே அமர்ந்து மேல்பாதி தளர்ந்துவிட்டது. இன்று எய்த அம்பின் முனை சாக்கின் பின்பக்கம் ஒரு சாண் எட்டிப்பார்த்தது. பின்னால் நான் முக்கால் அங்குல ஒட்டுப்பலகை இரண்டு நிறுத்தியிருந்தேன், முதலாவதைக் குத்திக்கொண்டு நின்றது. பலகை இல்லாவிட்டால் கராஜ் கதவு, கதவுக்கு அப்பால் தெரு. ஃபோம் இலக்கு வாங்குங்கள். அதையும் ஒரே இடத்தில் எய்து எய்து ஓட்டையாக்கவேண்டாம், திருப்பித் திருப்பி வையுங்கள். என்ன இலக்கு என்றாலும் பின்னால் அம்பை நிறுத்தும் ஒன்று வேண்டும்.

14 ஜனவரி 2024

மண்ணுக்குள் எய்து இறக்கலாம் என்று ஒக்ரோபரில் சொன்னதை யாரோ இப்போது எடுத்துக் கேட்கிறார்கள். ஒக்ரோபர் மண் வேறு, தை மாத மண் வேறு. உறைந்த நிலம் கொங்கிறீற். அம்பு தெறித்துத் திரும்பும், அல்லது வழுக்கி எங்கோ போகும். குளிர்காலத்தில் இலக்குத்தான், வேறு வழி இல்லை. வேட்டைக்குப் போகிறவர்கள் வாகனத்தில் ஒரு சின்ன இலக்கை வைத்திருந்து, இருட்டியதும் ஏறுமுன் அதற்குள் எய்து இறக்குங்கள். எய்து இறக்கவென்றே ஒரு பழைய அம்பை நான் சிவப்பு நிறம் பூசி வைத்திருக்கிறேன்.

20 பெப்ரவரி 2024

லண்டனிலிருந்து கேட்டவருக்கு. அங்கே 1987ஆம் ஆண்டின் குறுக்குவில் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது. இழுவை 1.4 கிலோவுக்குக் குறைந்த விளையாட்டுச் சாமானை அது தொடாது. 2024 தொடக்கத்தில் அனுமதிப்பத்திரம் தேவைப்படவில்லை. 2021 நத்தாரன்று அரச குடும்பத்தின் வின்சர் கோட்டைக்குள் ஒருவன் குறுக்குவில்லோடு புகுந்தபிறகு பேச்சு வந்தது, 2024 பெப்ரவரியில் உள்துறை அமைச்சு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. என்னைக் கேட்டால் வேண்டும். ஒரு நாள் வகுப்பாவது வைத்து, இறக்கத் தெரிந்தவருக்குத்தான் இழுக்கக் கொடுக்கவேண்டும்.

7 ஏப்ரல் 2024

பருவம் முடிந்து பெட்டியில் கிடந்த வில்லை எடுத்தேன். எழுதியே ஆகவேண்டும்.

பஞ்சை உருட்டி வில்லின் இரண்டு கைகளிலும் மெல்லத் தடவிக்கொண்டு போனேன். வலதுகையின் உள்விளிம்பில் பஞ்சு ஒரு இழை மாட்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது மயிரிழை மாதிரி இருந்தது. போன பருவம் முழுக்க அதோடுதான் எய்தேனா, பெட்டிக்குள்தான் வந்ததா, சொல்லத் தெரியாது. அந்த வில்லை இழுக்காமலே கடைக்குக் கொண்டுபோனேன். கை இரண்டும் மாற்றவேண்டும் என்றார்கள், மாற்றினேன்.

அம்பையும் அப்படிப் பாருங்கள். காபன் தண்டை இரண்டு முனையிலும் பிடித்து மெல்ல வளைத்து, காதுக்குக் கிட்ட வைத்துக் கேளுங்கள். நொறுங்கும் சத்தம் வந்தால் அதை இரண்டாக முறித்துக் குப்பையில் போடுங்கள். முறிக்காமல் போட்டால் வேறு யாரும் எடுத்து எய்வார்கள்.

நாணுக்கும் கம்பிக்கும் மெழுகு. நடுவில் நூல் சுற்றிய இடத்துக்கு மெழுகு வேண்டாம், அங்கேயும் ரெயிலிலும் அதற்கென்ற எண்ணெய் ஒரு துளி. நூல் பிரிந்திருந்தால் நாணை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

11 ஓகஸ்ட் 2024

தம்பி திரும்ப வந்திருக்கிறார். வேட்டைப் படிப்பை முடித்து அட்டையும் எடுத்துவிட்டாராம், இந்த ஒக்ரோபரில் முதற்தடவை போகிறார். நல்லது.

என் வீட்டுச் செய்தியும் ஒன்று. மகளுக்கு இப்போது பதினாறு. சித்திரை மாதம் வந்து, தனக்கும் பழக்கிவிடச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். என்னால் பதில் சொல்லமுடியவில்லை. துவாயோடு அவள் நின்றது கண்முன்னால் வந்தது. மனைவிதான் சொன்னாள், "அவளுக்குத்தான் அது எவ்வளவு வெட்டும் எண்டு தெரியும், பழக்குங்கோ."

முதல் கிழமை நாண் இழுக்கவே விடவில்லை. இழுக்காத வில்லைத் தூக்குவது, வைப்பது, பார்ப்பது, விசைக்கு வெளியே விரலை நீட்டி வைப்பது, இவ்வளவுதான். இரண்டாம் கிழமை அவளாக ஒரு காரியம் செய்தாள். தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து முன்பிடியின் இரண்டு பக்கமும் ஒரு கோடு கீறினாள். பெருவிரல் அதைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு அம்புக்கு முன்னும் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை எடுக்கிறாள். வீட்டுக்குள் இருக்கிற எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எங்கே நிற்கிறோம் என்று கேட்டு, கராஜின் உள்கதவைத் தாளிட்ட பிறகுதான் நாண் இழுக்கிறாள். யாரும் கதவைத் தட்டினால் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

12 ஓகஸ்ட் 2024

கோடு எங்கே கீறியது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். மகளிடம் அளக்கச் சொன்னேன். ரெயில் விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே. கையுறை போட்டு எய்பவர்கள் மூன்று விரல் விடச்சொல்கிறாள். ஒரு பூச்சுக் காணாது, காய்ந்ததும் இன்னொரு பூச்சுப் போடவேண்டுமாம்.